ஒல்லாந்தர் குடாவிலே ஒரு காலை

திருகோணமலையைப் பார்க்க வருவோர் பெரும்பாலும் இரண்டு நாட்களில் திரும்பிவிடுகின்றனர். முதல் நாள் கோணேசர் கோயில், இராவணன் வெட்டு, மாலையில் கடற்கரைக் காற்று. மறுநாள் கன்னியா வெந்நீர்க் கிணறுகள், நிலாவெளி, பொழுது மிஞ்சினால் புறாத்தீவு. அவர்களைக் குறை கூறுவதற்கு நமக்கு உரிமையில்லை. இவ்வூரிலே பிறந்து, இவ்வூர்ப் பிள்ளைகளுக்கே புவியியல் கற்பித்து, நாற்பது வயதையும் கடந்துவிட்ட நாம், இத்துறைமுக நகரை மெய்யாகக் காணத் தொடங்கியது அண்மைக் காலத்தில்தான். நீந்தியும், துவிச்சக்கரவண்டி மிதித்தும், ஓடியும் கண்டோம். ஓர் ஊரை அறிவதற்கு இவற்றைவிடச் சிறந்த வழி வேறில்லை என்று இப்போது தோன்றுகிறது. இவற்றைவிடக் களைப்பூட்டும் வழியும் வேறில்லை.

இம்மூன்றையும் இடைவிடாது ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து முடிக்கும் போட்டிக்கு ட்ரையத்லன் என்று பெயர். 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் சில ஓட்டக்காரர்கள் விளையாட்டாகத் தொடங்கிய முயற்சி இது. 1978இல் ஹவாயில் இதன் பூதாகரமான வடிவம் பிறந்தது. கடலில் ஏறத்தாழ 3.8 கிலோமீற்றர் நீந்தி, 180 கிலோமீற்றர் வண்டி மிதித்து, அதன்பின் 42 கிலோமீற்றர் ஓடவேண்டும்! அவ்வாண்டு பதினைவர் புறப்பட்டுப் பன்னிருவர் முடித்தனர். 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் இப்போட்டி சேர்க்கப்பட்டபோது தூரங்கள் மனிதத் தன்மையுடன் அமைந்தன: நீச்சல் 1.5, வண்டி 40, ஓட்டம் 10 கிலோமீற்றர். இலங்கையிலும் 2018 பெப்ரவரியில் கொழும்பில் பெரும்போட்டியின் பாதியளவான பந்தயம் ஒன்று நடைபெற்றது. நாம் எப்போட்டியிலும் பங்குகொண்டவரல்லேம். ஒலிம்பிக் தூரத்தை நம் ஊரிலே, நம் கடலிலே, ஒரு காலைப்பொழுதில் முடித்துப் பார்த்தல் வேண்டும் என்பதே நமது சின்னஞ்சிறு ஆசை.

அந்த ஆசை பிறந்த கதை வேடிக்கையானது. 2022ஆம் ஆண்டில் நாடு முழுவதும் எரிபொருளுக்கு வரிசையில் நின்றது வாசகர்களுக்கு மறந்திராது. இரண்டு நாட்கள் நின்றும் பெற்றோல் கிடையாது, நமது மோட்டார் சைக்கிளைத் தாழ்வாரத்தில் சாத்திவிட்டு, காலஞ்சென்ற தந்தையாரின் பழைய ராலி வண்டியைத் துடைத்து எண்ணெயிட்டோம். முதல் வாரம் கல்லூரிக்குப் போய்வருவதே பெரும்பாடாயிருந்தது. மூன்றாம் மாதத்தில் பெற்றோல் கிடைத்தது. ஆனால் மோட்டார் சைக்கிளை எடுக்க மனம் வரவில்லை. உடம்பு ஒன்றைக் கற்றுக்கொண்டால் அதை எளிதில் விடுவதில்லை போலும். வண்டியோடு ஓட்டமும் வந்து சேர்ந்தது. கடல்தான் நெடுநாள் வெளியே நின்றது. அதற்கான காரணத்தைப் பின்னர் கூறுவோம்.

நகரின் அமைப்பை முதலில் சொல்லிவிடுதல் நலம். திருகோணமலை நகரம் இரண்டு நீர்ப்பரப்புகளுக்கு இடையே கிடக்கும் ஒடுங்கிய நிலத்தில் அமைந்தது. மேற்கே உட்துறைமுகம், மலைகள் சூழ்ந்து, குளம்போல் அசையாது கிடப்பது. கிழக்கே திறந்த கடல். அக்கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பாறைமுனையில் பிரெட்ரிக் கோட்டை. அதன் உச்சியில், கடலுக்கு மேலே முந்நூறு அடிக்கும் அதிகமான உயரத்தில், கோணேசப் பெருமான் கோயில். பழைய கோயிலைப் போர்த்துக்கேயர் 1624ஆம் ஆண்டளவில் இடித்து, அக்கற்களைக் கொண்டே கோட்டை கட்டினர் என்பதும், சுழியோடிகள் 1956இல் பாறையடிக் கடலில் இறங்கியபோது கோயிற் சிதைவுகளைக் கண்டனர் என்பதும் யாவரும் அறிந்தவை. கோட்டைக்குத் தெற்கே வளைந்து கிடப்பதே ஒல்லாந்தர் குடா. நாம் நீந்துவது அங்கேதான். உட்துறைமுகம் நீந்துவதற்கு இன்னும் வசதியானதாயினும், அது கடற்படையினரதும் கப்பல்களினதும் ஆட்சிக்கு உட்பட்டது. ஆங்கிலேயரின் கீழைத்தேயக் கப்பற்படை ஒதுங்கிய இடமல்லவா? 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசியதும் அதன்பொருட்டே. 1957இல் அத்தளம் இலங்கையின் கைக்கு வந்தது.

அதிகாலை ஐந்து மணிக்கு ஒல்லாந்தர் குடாவிற்குச் செல்வோர் முதலிற் காண்பது மான்களை. கோட்டைக்குள் வாழும் புள்ளிமான்கள் இருள் பிரியுமுன் கடற்கரைக்கு இறங்கிவந்து, மணலிலே சாவதானமாகப் படுத்திருக்கும். நகரத்து மான்கள் மனிதரைக் கண்டு மருள்வதில்லை. நமது துவாயைக் கடித்து இழுத்த மானும் உண்டு. சற்று அப்பால் கடற்றொழிலாளரின் வள்ளங்கள் கரைசேரும். கிழக்கு வெளுக்கும்போது கடல் ஈயத்தகடு போலிருக்கும், பின்னர் செம்பாகும்.

இக்கடலுக்கும் ஒரு நாட்காட்டி உண்டு. கார்த்திகை தொடங்கித் தை ஈறாக வாடைக்காற்று வீசும். அப்போது குடா முழுதும் வெண்ணுரையாகக் கொந்தளிக்கும். நீச்சலை நினைக்கவும் வேண்டாம். சித்திரை முதல் புரட்டாதி வரை கடல் பெண்போல் அடங்கியிருக்கும் என்று முதியோர் சொல்வர். (நமது இல்லாள் இவ்வுவமையை ஏற்கவில்லை.) ஆயினும் அந்த அமைதிக்குள்ளும் ஒரு சூது உண்டு. கச்சான் காற்று மேற்கே தரையிலிருந்து வறண்டு சூடாக எழுந்து, கரையில் நிற்பவனுக்குக் கடலைச் சமதளமாகக் காட்டிக்கொண்டே, நீந்துகிறவனை மெல்ல மெல்ல வெளியே தள்ளும். பொழுது ஏற ஏற அதன் வலிமையும் ஏறும். ஆகையால் சூரியன் ஒரு பனை உயரம் வருமுன் கரையேறிவிட வேண்டும் என்பது வள்ளக்காரர் நமக்குச் சொன்ன முதற் பாடம்.

இனி வீட்டு நிலைமை. நமது இல்லாள் அரச அலுவலகம் ஒன்றில் கடமையாற்றுகிறார். மகள் பதினான்கு வயது, மகன் ஒன்பது. அன்னையார் எம்முடன் இருக்கிறார். காலை நான்கரை மணிக்கு வீட்டைவிட்டுப் புறப்பட்டு ஆறரைக்குத் திரும்பும் ஒருவன், அந்த இரண்டு மணி நேரத்தை எங்கிருந்து பெறுகிறான்? மனைவியிடமிருந்து கடனாகத்தான் பெறுகிறான். இடியப்பம் அவிப்பதும், சம்பல் அரைப்பதும், மகனின் காணாமற்போன சப்பாத்தைத் தேடுவதும் அந்த இரண்டு மணி நேரத்தில் நிகழ்பவை. முதல் ஆண்டில் நாம் இதை எண்ணிப் பார்க்கவேயில்லை. பயிற்சிக் குறிப்பேட்டில் தூரம், நேரம், நாடித்துடிப்பு எல்லாவற்றையும் எழுதினோம்; அவர் விழித்தெழுந்த நேரத்தை எழுதவில்லை. ஒருநாள் அவரே அக்குறிப்பேட்டைப் புரட்டிவிட்டு, "என்னப்பா, இதில நான் எங்க?" என்று சிரித்துக்கொண்டு கேட்டார். அன்றுமுதல் செவ்வாயும் வியாழனும் காலைச் சமையல் நமது பொறுப்பாயிற்று. நமது இடியப்பத்தைப் பற்றி மகள் கூறிய அபிப்பிராயத்தை இங்கு எழுதுதல் பொருந்தாது.

சனிக்கிழமைகளில் வண்டிப் பயிற்சி. உட்துறைமுகத்தைச் சுற்றிக்கொண்டு சீனன்குடா வழியாகக் கிண்ணியாவுக்குச் செல்லும் வீதியே நமக்கு மிக விருப்பமானது. போய்த் திரும்பினால் நாற்பது கிலோமீற்றரை ஏறத்தாழ எட்டிவிடலாம். சீனன்குடாவில் மா ஆலையின் பெரும் கட்டடம் கடந்ததும், காட்டுக்குள்ளே ஆங்கிலேயர் அமைத்த எண்ணெய்த் தாங்கிகள் யானைகள் படுத்ததுபோல் தோன்றும். நூறளவிலான அத்தாங்கிகளில் ஒன்று 1942ஆம் ஆண்டுத் தாக்குதலில் எரிந்துபோனது. அவற்றைச் சுற்றி நடக்கும் அரசியலைப் பத்திரிகையின் முன்பக்கங்களுக்கு விட்டுவிடுவோம். வீதி மேலும் சென்று, கொட்டியாரக் குடாவின் உப்புக்காற்று முகத்திலடிக்கும்போது கிண்ணியாப் பாலம் தெரியும்.

கொட்டியாரம் என்றதும் எமக்கு றொபேட் நொக்ஸ் நினைவுக்கு வருவான். புயலில் பாய்மரம் இழந்து 1659இல் இக்குடாவில் ஒதுங்கிய ஆங்கிலக் கப்பலின் தலைவனும், அவன் மகனும் மறுவருடம் கண்டி மன்னனின் ஆட்களிடம் சிறைப்பட்டனர். தந்தைக்கும் மகனுக்கும் ஒரே பெயர். 1661இல் தந்தை காய்ச்சலில் இறந்தான். தானும் காய்ச்சலில் மெலிந்திருந்த மகன் தன் கையாலேயே குழி தோண்டி அடக்கம் செய்தான். அதன்பின் பதினெட்டு ஆண்டுகள் மலைநாட்டில் காத்திருந்து, 1679இல் காடுகளினூடே நடந்து மன்னார்ப் பக்கம் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தான். நாற்பது கிலோமீற்றர் மிதித்துவிட்டுப் பெருமைப்படும்போதெல்லாம் அந்த நடையை நினைத்துக்கொள்வோம்.

கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்பட்டது. நீளம் 396 மீற்றர். அதற்கு முன்னர் அங்கே 'பாதை'தான். மரத்தட்டையில் மனிதரும் வண்டியும் ஆடுமாடும் நெருங்கி நின்று, இழுபட்டுக் கரைசேர வேண்டும். 2004 டிசம்பர் 25ஆம் திகதி, சனிக்கிழமை மாலை, நமது தம்பி அப்பாதையில்தான் அக்கரைக்குச் சென்றான். அவனுக்கு வயது பத்தொன்பது. மறுநாள் ஞாயிறும் பூரணையும் சேர்ந்த விடுமுறை; நண்பன் வீட்டில் தங்கிக் கிரிக்கெட் ஆடிவிட்டு வருவதாகச் சொல்லிச் சென்றான்.

அந்த ஞாயிறு காலை 6.58 மணிக்குச் சுமாத்திராவின் கடலடி பிளந்தது. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தின் பின்னர் நமது கரையில் அலை ஏறியது. கிண்ணியாவில் கடலருகே இருந்த வைத்தியசாலையும் அலைக்கு உட்பட்டது. முதலில் நீர் சிறிதாக உயர்ந்து, பின்னர் வெகுதூரம் வடிந்து, மீன்கள் துள்ளும் கடலடியைக் காட்டியது. அதைப் பார்க்க இறங்கியோர் பலர். அவ்வாண்டுதான் நாம் ஆசிரிய நியமனம் பெற்றிருந்தோம். புவிநடுக்கம் பாடத்திட்டத்தில் இருந்தது. படம் வரைந்து விளக்கியிருந்தோம். கடல் வடிந்தால் மேட்டுக்கு ஓடு என்ற ஒரு வாக்கியத்தை எந்த மாணவனுக்கும் சொல்லியிருக்கவில்லை. தம்பிக்கும் சொல்லவில்லை. இப்போது எந்த வகுப்பாயினும் தவணையின் முதற் பாடமாக அதைச் சொல்லிவிட்டுத்தான் புத்தகத்தைத் திறக்கிறோம்.

அவன் உடல் கிடைக்கவில்லை. தந்தையார் ஆறு மாதம் தேடினார். பின்னர் பெரியோர் சொற்படி தர்ப்பையில் உருவம் செய்து கிரியை நடத்தி, கன்னியாவுக்குச் சென்றோம். தன் தாயின் அந்தியக் கிரியைக்காக இராவணன் நிலத்தில் ஏழு இடங்களில் ஊன்ற, ஏழு ஊற்றுகளும் சுடுநீராக எழுந்தன என்பது அத்தலத்தின் கதை. அடுத்தடுத்துள்ள அக்கிணறுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூட்டில் இருப்பதை நாம் மாணவர்க்கு வேறுவிதமாக விளக்குவதுண்டு. அன்று விளக்கம் ஒன்றும் தோன்றவில்லை. மகனுக்குத் தந்தை செய்யும் கிரியையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அன்னையார் வரவில்லை. "உடம்பைக் காணாமல் நான் ஏன் தலைமுழுக வேணும்?" என்று வீட்டிலே இருந்துவிட்டார். அன்று தொடக்கம் அவர் மீன் உண்பதில்லை, கடற்கரைக்கு வருவதில்லை. இரண்டு தெருவுக்கு அப்பால் கடல் இரைவது அவருக்குக் கேட்கும். கிண்ணியாப் பாலத்தை அவர் இன்றும் கண்டதில்லை.

கடல் நமது பயிற்சிக்கு வெளியே நெடுநாள் நின்றதன் காரணம் இதுவே. உள்ளே கொண்டுவந்தவர் நமது இல்லாள். "இரண்டு பக்கமும் தண்ணி உள்ள ஊரில இருக்கிறம். பிள்ளையளுக்கு முதல்ல நீந்தப் பழக்குங்கோ. அதுக்கு நீங்கள் பழகவேணும்," என்றார். நாற்பதாம் வயதில், கழுத்தளவு நீரில், வள்ளக்காரர் ஒருவர் வயிற்றைத் தாங்கிப் பிடிக்க, மாணவர்கள் கரையில் நின்று பார்க்க, நாம் நீச்சல் கற்ற காட்சியைக் கற்பனைக்கு விடுகிறோம். மகள் ஒரு மாதத்தில் எம்மை முந்திவிட்டாள்.

அன்னையாரிடம் ஓடப்போவதாகச் சொல்லியே நீந்தச் சென்றோம். பொய் நான்கு மாதம் நிலைத்தது. ஒருநாள் கொடியிலிருந்து துவாயை எடுத்தவர் முகர்ந்து பார்த்தார். "உப்பு மணக்குது," என்றார். சற்று நேரம் மடித்துக்கொண்டே நின்றுவிட்டு, "ஆனந்தனுக்கும் நீந்தத் தெரியுந்தானே?" என்று கேட்டார்.

அவர் குறிப்பிட்டது ஆழிக்குமரன் ஆனந்தனை. வல்வெட்டித்துறை தந்த அம்மாவீரரை இக்காலத்துப் பிள்ளைகள் பலர் அறியார். பாக்கு நீரிணையை முதன்முதல் நீந்திக் கடந்த புகழ் 1954இல் தொண்டைமானாறு நவரத்தினசாமிக்கு உரியதாயிற்று. ஆனந்தன் 1971இல் வல்வெட்டித்துறையிலிருந்து கோடிக்கரைக்கு நீந்தி, அங்கிருந்து திரும்பவும் நீந்தி வந்தார். மொத்தம் 51 மணித்தியாலம். அத்துடன் நின்றாரா? 1979 மே மாதத்தில் கொழும்பு விகாரமகாதேவி பூங்காவைச் சுற்றி 187 மணி 28 நிமிடம் ஓயாது துவிச்சக்கரவண்டி மிதித்தார். ஏறத்தாழ எட்டு நாட்கள்! 1981இல் சென்னை மெரினாவிலுள்ள அண்ணா நீச்சற் குளத்தில் 80 மணித்தியாலம் நீரில் நின்று மிதந்தார். ட்ரையத்லன் என்ற பெயரே இத்தீவில் அறியப்படாத காலத்தில் அவர் உடல் அத்தனையும் செய்து முடித்தது. தொழிலால் வழக்கறிஞர், மனைவியும் மக்களும் உடையவர். 1984 ஓகஸ்ட் 6ஆம் திகதி ஆங்கிலக் கால்வாயை நீந்தும் முயற்சியில் உயிர் நீத்தார். வயது 41. பாக்கு நீரிணையின் இளஞ்சூட்டு நீர் அன்று அவருக்கு வாய்க்கவில்லை. கோடையிலும் குளிர் குறையாத வடகடல் அது. சாதனைகளின் பட்டியலில் மணித்தியாலங்கள் உண்டு. தந்தி வந்த வீட்டைப்பற்றி ஒரு வரியும் இல்லை. அன்னையார் கேட்ட கேள்வி அந்த வீட்டிலிருந்து வந்தது. எம்மிடம் விடை இருக்கவில்லை. தனியே நீந்துவதில்லை, வள்ளம் இல்லாமல் ஆழத்துக்குப் போவதில்லை என்று வாக்களித்தோம். அவர் ஒன்றும் சொல்லாமல் துவாயைத் தந்தார்.

2024 மார்ச்சில் எமது நகரின் கல்லூரி மாணவர் ஒருவர், பதின்மூன்று வயதினர், தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு நீந்தியபோது ஊரே கொண்டாடியது. அன்னையாரும் தொலைக்காட்சியில் பார்த்தார். "தாய் எங்க நிண்டவ?" என்று மட்டும் கேட்டார்.

கடந்த ஓகஸ்ட் விடுமுறையில் நமது ஆசைக்கு நாள் குறித்தோம். நாமும் நண்பர் இருவரும். உடன்வர ஒரு வள்ளம். கரையில் கடிகாரத்துடன் மகள். ஐந்தரைக்கு இறங்குவதாக ஏற்பாடு. வள்ளக்காரர் வலையிலிருந்து பிந்தி வந்தமையால் ஏழு மணியாயிற்று. இன்னொரு நாள் பார்த்துக்கொள்வோம் என்று சொல்லியிருக்க வேண்டும். விடுமுறை முடிகிறது, நண்பர்கள் தூரத்திலிருந்து வந்திருக்கிறார்கள் என்று ஏதேதோ சமாதானம் கூறிக்கொண்டு இறங்கினோம். அது நமது பிழை, வேறெவரதும் அன்று.

போகும்போது காற்று முதுகில் தள்ளியது, வெகு சுகமாயிருந்தது. திரும்பியபோதுதான் சங்கதி விளங்கிற்று. கச்சான் எழுந்துவிட்டது. கை வீசுகிறோம், கரை வரவில்லை. சிற்றலைகள் முகத்துக்கு நேரே வந்து வாயை நிரப்பின. நண்பர் ஒருவர் களைத்து வள்ளத்தில் ஏறினார், மற்றவரும் ஏறினார். எம்மையும் ஏறும்படி கூவினர். இரண்டு ஆண்டுப் பயிற்சி வீணாகிறதே என்று ஒரு கணம் தயங்கினோம் என்பதை மறைக்கமாட்டோம். வள்ளத்தின் ஓரத்தைப் பிடித்தபடி சற்று மூச்சு வாங்கினோம். பின்னர் வள்ளம் காற்றுக்கு எதிரே நம் பக்கத்திலேயே வர, நேரே கரையை நோக்காமல் கோட்டைப் பக்கமாகச் சரிந்து நீந்தி, பாறை நிழலில் காற்று தணிந்த இடத்தில் மணலைத் தொட்டோம். குறித்த நேரத்துக்கு மேல் முக்கால் மணி கடந்திருந்தது. கரையில் நின்ற மகளுக்கு எம் தலையும் தெரியவில்லை; வள்ளமும் வெயிலின் பளபளப்பில் மறைந்துவிட்டது. பிள்ளை அழுதுகொண்டு வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்துவிட்டாள்.

மணலில் நடந்து புறப்பட்ட இடத்துக்கு வந்தபோது, கரையில் மூவர் நின்றனர். மகள், இல்லாள், காலில் செருப்பில்லை, அவர் கையைப் பிடித்தபடி அன்னையார். முச்சக்கரவண்டியில் வந்திறங்கியிருக்கிறார்கள். இருபது ஆண்டுகளின் பின்னர் அவர் கடலைப் பார்த்து நின்றார். நமக்குப் பேச்சு எழவில்லை. அவர் அருகே வந்து துவாயால் நமது தலையைத் துவட்டினார். சிறு பிள்ளைக்குத் துவட்டுவதுபோல அழுத்தித் துவட்டினார். காது வலித்தது.

"வீட்ட வாறியோ, சைக்கிள் ஓடப் போறியோ?" என்று கேட்டார்.

இல்லாளைப் பார்த்தோம். "ஓடிப்போட்டு வாங்கோ. கிண்ணியா மட்டும்தானே," என்றார். கோபம் இருந்தது, அது மூன்று நாள் கழித்து முறையாக வெளிப்பட்டது.

பாலம்வரை மிதித்தோம். ஒரு நிமிடம் நின்று, வழக்கம்போல் அக்கரையைப் பார்த்துத் திரும்பினோம். வரும் வழியெல்லாம் கச்சான் அனலாக வீசியது. ஓட்டத்தைக் கைவிட்டோம், வெயில் உச்சிக்கு வந்திருந்தது, போதும் என்று தோன்றியது. கடற்கரையில் அவர்கள் இன்னும் இருந்தனர். வேப்பமர நிழலில் ஒரு மான் படுத்திருக்க, மகன் அதற்கு வாழைப்பழத் தோல் கொடுத்துக்கொண்டிருந்தான். அன்னையார் சற்றுத் தள்ளி மணலில் அமர்ந்திருந்தார். அவர் சேலைக்கரை முழங்கால்வரை நனைந்து, மணல் ஒட்டியிருந்தது. அதைப்பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. வீட்டுக்குப் போகும்போது முச்சக்கரவண்டிக்காரரிடம், கிண்ணியாவுக்குப் போய்வர எவ்வளவு கேட்பீர்கள் என்று விசாரித்துக்கொண்டு வந்தார்.